வாசலில் காய்ந்த சினை

எனக்குப் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே லைனில், அந்த வரிசை வீடுகளில், என்னைப் பற்றிப் பேச்செடுத்தவர்கள் எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்கினார்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ரயில்வேயிலும் ஆள் குறைத்தார்கள். என் வீட்டுக்காரர் எஞ்சினில் கரி தள்ளும் பயர்மேன். அவர் வேலை தப்பியது, ஆனால் வேலை நாட்கள் குறைந்தன. லைனில் எல்லார் வீட்டுக் குழம்பும் தண்ணீரானது அப்போதுதான். அவர் போய்வந்தது கிள்ளான் துறைமுகத்து வண்டி. துறையில் படகு வந்திருந்தால் மீன் வாங்கி, ஈரச் சாக்கில் சுருட்டி, எஞ்சினில் சூடு படாத மூலையாகப் பார்த்து வைத்துக் கொண்டுவருவார். மடவை மீன் வரும் பருவத்தில் வயிறு உப்பிப்போய் வரும். அறுத்தால் உள்ளே ஜோடியாகச் சினை இருக்கும். மஞ்சள் நிறத்தில், மெல்லிய ஜவ்வுக்குள், தொட்டால் உடைந்துவிடுமோ என்று பயப்பட வைக்கும்.

லைனில் பாதிப் பேர் அதைப் பூனைக்குப் போட்டார்கள். மீதிப் பேர் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டு, அது வெடித்து மணலாகிப் போனதும் முகம் சுளித்தார்கள். அரிசிக்கே யோசிக்கிற காலத்தில் அத்தனை சத்தும் சாக்கடைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "வேணாம்னா எனக்குக் குடுங்க, தூக்கிப் போடாதீங்க" என்று வீடு வீடாகச் சொன்னேன். கொடுத்தார்கள்.

நான் கிள்ளானில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர் வீடுகள். அங்கே சினையை உப்புப் போட்டுக் காயவைப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நானே செய்து, கெட்டு, தூக்கிப் போட்டு, மறுபடி செய்து கைக்கு வந்தது. சிறுவயதில் அதே தெருவில் ஒரு மனிதர் பேத்தை மீனின் சினையைத் தெரியாமல் தின்று, நாக்கு மரத்து, கைகால் இழுத்து, ஆஸ்பத்திரி போகுமுன் செத்துப்போனார். அதனால் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. எந்த மீனின் வயிற்றிலிருந்து வந்தது என்று தெரியாத சினை என் வீட்டுப் படியேறாது. லைனில் யார் கொடுத்தாலும் மீனைக் காட்டச் சொல்லித்தான் வாங்குவேன். சிலருக்கு அது கோபம். இருக்கட்டும்.

அன்றைக்கு வந்த சினையை அன்றைக்கே ஒருவழி செய்துவிட வேண்டும். ஒன்று, மஞ்சளும் மிளகாயும் தடவி உள்வரை வேகும்படி பொரித்துச் சாப்பிட்டுத் தீர்ப்பது. இல்லையென்றால் உப்புக்குள் போடுவது. உப்புத் தண்ணீரில் அலசி, ஜவ்வின் மேல் ஓடும் நரம்பை ஊசியால் குத்தி, கரண்டியின் முதுகால் மெல்ல நீவி ரத்தத்தை வெளியே தள்ளுவேன். ரத்தம் தங்கினால் அந்த இடத்தில்தான் முதலில் நாற்றம் எடுக்கும். பிறகு கல்லுப்பில் புதைப்பது. விறைத்ததும் துடைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றி, தட்டையானதும் வெயில். கோலாலம்பூர் வெயிலை நம்ப முடியாது, மத்தியானம் திரும்பினால் மழை கொட்டும். முதல் சொட்டு விழுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். கல்லாய் இறுகிச் செம்மண் நிறத்துக்கு வந்த பிறகு நல்லெண்ணெய் தடவி, துணியில் சுற்றி ஜாடியில் அடுக்குவேன். ஈரக்கை ஜாடிக்குள் போகக்கூடாது. பிசுபிசுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ ஒரு துண்டுகூடப் பார்க்காமல் எறிந்துவிடுவேன். தின்னும் பொருளில் பாவம் பார்க்கக்கூடாது என்பது என் எண்ணம்.

இதெல்லாம் வீட்டின் பின்பக்கம் நடந்தது. அங்கேயே நடந்திருக்கும், என் நாத்தனார் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. அதே லைனில் இரண்டு வீடு தள்ளி, மகனோடும் மருமகளோடும் இருந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அதனால் தம்பி அவர் முன்னால் நிமிர்ந்து பேசமாட்டார். எனக்கு அந்தக் கடன் ஒன்றும் இல்லை என்றாலும் அண்ணி என்ற மரியாதையில் குறைவைத்ததில்லை. ஒருநாள் காலை பைப்படியில் குடத்தோடு நின்றுகொண்டிருக்கிறோம், லைனின் பெண்கள் பாதிப் பேர் இருக்கிறார்கள். நாத்தனார் என்னைப் பார்க்காமல், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"அவ வீட்டுல ஜாடி ஜாடியா சினை ஊறுது. ஊற வேண்டிய எடத்துலதான் ஒண்ணையும் காணோம்."

சிரித்தார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காது இரண்டும் எரிந்தன. குடம் நிரம்பும்வரை நின்றேன். நிரம்பியதும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ஆமா அண்ணி, நெறையத்தான் இருக்கு. வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான் அழுகை வந்தது. அழுது முடித்து முகம் கழுவினேன். பின்பக்கத்தில் சினை காயப்போடும் கொடியை அவிழ்த்து வாசலில், போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி கட்டினேன். சினைப் பலகையையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தேன்.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் கரி முகத்தோடு கொடிக்குக் கீழே குனிந்து நுழைந்தார்.

"என்னா இது? பின்னாடியே போட்டா என்ன?"

"பின்னாடி வெயில் வராது."

"இத்தன நாளா வந்துச்சே?"

"இனிமே வராது."

அவருக்குப் பைப்படிப் பேச்சு யாரோ சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்தார். பிறகு குளிக்கப் போய்விட்டார்.

அந்த வருஷம் நாத்தனாரின் மருமகள் உண்டானாள். நெருங்கிய சொந்தத்தில் முதல் பிள்ளை, எனக்கும் சந்தோஷம்தான். அவள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண், அதிகம் பேசமாட்டாள், மாமியாரைக் கண்டால் குரல் பாதியாகிவிடும். மசக்கையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, குழம்பு வாடை ஆகவில்லை. வாசலில் காய்ந்துகொண்டிருந்த சினையின் மேல் மட்டும் ஆசை வந்துவிட்டது. நாத்தனாருக்கு அது எப்படியோ தெரிந்தது. வெளியே நின்று உரக்கச் சொன்னார்: "அவ கையால ஒண்ணும் வாங்கித் திங்கக்கூடாது. உண்டானவ, தெரியுதா?"

மறுநாள் மத்தியானம் அவள் என் பின்வாசலில் வந்து நின்றாள்.

"அத்தே, கொஞ்சம் குடுங்க அத்தே. நாக்குலயே நிக்குது."

"ஒங்க மாமி?"

"மாமி பாசாருக்குப் போயிருக்காங்க."

காய்ந்த சினையில் உப்பு அதிகம், உண்டானவளுக்கு ஆகாது. காலையில் வந்த புதுச் சினை இருந்தது. அதை ஆவியில் நன்றாக வேகவைத்து, உதிர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுப் புட்டாகக் கிளறிக் கொடுத்தேன். உட்காரக்கூட மனமில்லாமல் நின்றபடியே சாப்பிட்டாள். தட்டை வழித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் வயிற்றில் தங்கிய சாப்பாடு அதுதான். அதன் பிறகு அவள் வருவதும் நான் கொடுப்பதும் நடந்துகொண்டுதான் இருந்தது. பின்வாசல் வழியாக வரவேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு எரிச்சல். "முன்னால வா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவளுக்குத் துணிவில்லை. அவள் நிலைமையில் எனக்கும் இருந்திருக்காது.

ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் பெரிய மடவைகளாகக் கொண்டுவந்து அக்கா வீட்டுக்கும் கொடுத்தார். எங்கள் பங்குச் சினையைப் பொரித்து அன்றே தீர்த்தோம். மறுநாள் முற்பகல் தெருவில் ஒரே சத்தம். நாத்தனார் என் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"பாவி! என் மருமகளுக்கு என்னாத்தக் குடுத்த? வாந்தி நிக்கல, வயித்தால போகுது. ஒனக்கு இல்லேன்னா எங்களுக்கும் இல்லாமப் போகணுமா?"

லைன் முழுக்க வெளியே வந்து நின்றது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குள் போனேன். "உள்ள போகாத!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். நான் நிற்கவில்லை. அந்தப் பெண் பாயில் சுருண்டு கிடந்தாள், உதடு வறண்டுபோயிருந்தது. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கரண்டி கரண்டியாக ஊற்றினேன். பக்கத்து வீட்டு ஆளை ரயில்வே டிஸ்பென்சரிக்கு அனுப்பி, மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைக் கூட்டிவரச் சொன்னேன்.

டிரஸ்ஸர் வந்து நாடி பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "கடைசியா என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"இதோ இவ குடுத்த சினை" என்றார் நாத்தனார்.

என் மடியில் கிடந்த பெண் கண்ணைத் திறந்தாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"இல்ல. அத்தே ஒண்ணும் குடுக்கல. நேத்து நம்ம வீட்டுச் சினை, சட்டியில இருந்துச்சு. காலைல மாமி சூடு பண்ணிக் குடுத்தாங்க."

அடுப்புக்குப் பக்கத்தில் மூடியிருந்த சட்டியைத் திறந்தேன். மருமகளுக்கு ஆசை என்று தெரிந்து, என்னிடம் போகாமல் இருப்பதற்காகத் தானே சமைத்துவைத்திருக்கிறார். அது நல்லெண்ணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாதி வெந்த சினையை வெதுவெதுப்பான அடுப்பங்கரையில் ராத்திரி முழுக்க மூடி வைத்திருந்தார். மூடியை எடுத்தவுடன் வாடை எழுந்தது. டிரஸ்ஸர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொட்டிட்டு சட்டியக் கொதிக்கிற தண்ணியில கழுவுங்க" என்றார். மருந்து கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவச்சியும் வந்து சொன்னாள்.

நான் வெளியே வந்தபோது லைன் மறுபடி வாசலில் கூடி நின்றுகொண்டிருந்தது. என்னிடம் அன்று பொறுமை மிச்சமில்லை.

"நல்லாக் கேட்டுக்கங்க. புள்ளையில்லாத கையில விஷம் இருக்காது. கெட்டுப்போனதுலதான் இருக்கும். என் வீட்டுச் சினை வாசல்லதான் காயுது, வந்து மோந்து பாருங்க. பிடிக்காதவங்க தெருவுக்கு அந்தப் பக்கமா நடங்க."

யாரும் முகர்ந்து பார்க்க வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் முதல் ஒவ்வொருத்தராக வந்து, எப்படி வைத்தால் கெடாது என்று கேட்டார்கள். பைப்படியில் சிரித்தவர்களும் வந்தார்கள். சொல்லிக்கொடுத்தேன். சிரித்ததை நினைவில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன்.

நாத்தனார் மன்னிப்புக் கேட்கவில்லை. ஊர் முன்னால் மருமகளே மாற்றிச் சொன்னது அவருக்குப் பெரிய அடி. அந்தக் கோபத்தில், தம்பிக்கு இரண்டாந்தாரம் கட்டிவைக்கும் பேச்சை எடுத்தார். எனக்கு அதைச் சொன்னவள் அந்த மருமகள்தான். தண்ணீர் எடுக்கும்போது பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "அத்தே, ஞாயித்துக்கெழம ஆள் வராங்க. பொண்ணோட சித்தப்பா. நீங்க சரின்னு சொல்லிட்டதா மாமி சொல்லியிருக்காங்க."

வீட்டுக்காரரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா கேக்குது. எப்பிடி முடியாதுன்னு சொல்றது?"

"வாயாலதான். ஒங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க, நான் சொல்றேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று அவர்மேல் வந்த கோபம் நாத்தனார் மேல்கூட எனக்கு வந்ததில்லை. கிள்ளானுக்குப் போய் அப்பாவிடம் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என் வீட்டை விட்டு நான் ஏன் போகவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஜாடியைக் கவிழ்த்தேன். பருவம் முடியப்போகிறது, எப்படியும் தீர்க்கவேண்டியதுதான். காய்ந்த சினையை மெல்லிய வில்லைகளாகச் சீவி எண்ணெயில் காட்டி எடுத்தேன். உதிர்ந்த தூளை முருங்கைக்கீரையில் போட்டு வதக்கினேன். மிச்சத்தை மிளகாயோடு இடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து சம்பாலாக்கினேன். கீரைக்கும் சம்பாலுக்கும் உப்பே போடவில்லை, சினையில் இருந்ததே போதும். சோறு வடித்து, இலை நறுக்கி, தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் தோட்டத்து ரப்பர்ப்பால் கொட்டகையில் வேலை பார்ப்பவர். வயதானவர், சாதுவாக இருந்தார். நாத்தனார் முன்னால் உட்கார்ந்திருந்தார், என் வீட்டுக்காரர் சுவரோடு சுவராக. நான் இலை போட்டுப் பரிமாறினேன். பசியோடு வந்திருக்கிறார் பாவம், மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"இந்தச் சினை இப்பிடி இருக்கும்னு தெரியாதும்மா. யாரு செஞ்சது?"

"நான்தாண்ணே. இந்த வீட்டுக்காரி."

கை இலையிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார்.

"அண்ணே, நான் சரின்னு சொல்லிட்டதா ஒங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. நான் சொல்லல. என்னை யாரும் கேக்கவும் இல்ல. நான் இங்கதான் இருக்கேன், இங்கதான் இருப்பேன். இந்த அடுப்புக்கு இன்னொருத்தியக் கொண்டாந்து விட்டா, கஷ்டம் ஒங்க பொண்ணுக்குத்தான். அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு அந்தப் பாவம் வேணாம்."

"என்னா பேச்சுப் பேசுற!" என்று நாத்தனார் எழுந்தார்.

வந்தவர் எழவில்லை. இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார். என்னைப் பார்த்து, "நல்லா இரு தாயி" என்றார். நாத்தனாரிடம், "மூத்தவளுக்குச் சம்மதம்னுதான் வந்தேன். நீங்க இப்பிடிச் செஞ்சிருக்கக் கூடாது" என்றார். குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார்.

"வாயில கொழக்கட்டையா வச்சிருக்க? பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கியேடா!" என்று நாத்தனார் தம்பியைப் பிடித்தார்.

அவர் தலையை நிமிர்த்தினார். "நான் பேச வேண்டியத அவ பேசிட்டா. இனி இந்தப் பேச்சு வேணாக்கா. சாப்பிட்டுட்டுப் போ."

அக்காவிடம் அவர் முடியாது என்று சொன்னது வாழ்க்கையில் அது ஒருமுறைதான். முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும். அதை அன்றே அவரிடம் சொன்னேன், பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததில்லை.

நாத்தனார் சாப்பிடாமல் போனார். மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகப் பிரசவம். தீட்டுக் கழிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் நேரே என் முன்வாசலுக்கு வந்தாள், பட்டப்பகலில், லைன் பார்க்க. மாமியார் அவரது வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூப்பிடவில்லை.

என்னோடு அவர் பேசாமல் இருந்த காலம் நீளமானது. நானும் வலியப் போய்ப் பேசவில்லை. அடுத்த பருவத்தில் சினை வந்தது, அதற்கடுத்த பருவத்திலும் வந்தது. பிறகொரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் விழுந்தது. தேறி எழுந்தவருக்கு வாய் கசந்து கஞ்சி இறங்கவில்லை. மருமகள் கேட்டனுப்பினாள். நானே தட்டில் கஞ்சியும், ஓரத்தில் சினைச் சம்பாலும் வைத்து எடுத்துப் போனேன். வாங்குவாரா, வீசுவாரா என்று தெரியாது. வீசினாலும் இன்னொரு தட்டு கொண்டுவருவது என்று முடிவோடுதான் போனேன்.

வாங்கிக்கொண்டார். தொட்டு நாக்கில் வைத்தார். சுவரைப் பார்த்தபடி, "உப்பு ஜாஸ்தி" என்றார்.

"உப்பு இருந்தாத்தான் அண்ணி கெடாது" என்றேன்.

கஞ்சி முழுவதையும் குடித்தார். நான் தட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். மேகம் கட்டிக்கொண்டு வந்தது. வாசலில் சினைப் பலகை இருந்தது, முதல் சொட்டு விழுமுன் எடுத்துவிட எட்டி நடந்தேன்.